டூரின் பட்டறைகளும் நாமக்கல் பட்டறைகளும்

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், உதவித்தொகைக்கான படிவங்களைச் சரிபார்க்கும் பணி நம் துறைக்கு வந்தது. முதலாண்டு மாணவர் ஒருவர், தந்தையின் தொழில் என்னும் கட்டத்தில் 'கூலி' என்று எழுதியிருந்தார். என்ன கூலி என்று கேட்டோம். சற்றுத் தயங்கிவிட்டு, "லாரிக்குப் பாடி கட்டறாருங்க ஐயா. அதை எப்படிங்க எழுதறது?" என்றார்.

நியாயமான கேள்வி. தமிழில் முதுகலை முடித்துப் பதினெட்டு ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் நமக்கும் சட்டென்று விடை தோன்றவில்லை. 'வாகனக் கூடு கட்டுநர்' என்று ஏதோ ஒன்றைச் சொல்லி வைத்தோம். மாணவர் மரியாதைக்காகத் தலையசைத்தார், எழுதவில்லை. அன்று மாலை வீடு திரும்பும்போதுதான் வெட்கம் மேலிட்டது. ஏனெனில், இதே தொழிலைச் செய்தவர்களை இத்தாலியில் எவ்வாறு அழைத்தார்கள் என்பது நமக்கு நன்றாகவே தெரியும். நாமக்கல்லில் செய்பவரைக் குறிக்கத்தான் சொல் இல்லை.

இத்தாலி நமக்கு எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். நம் சிறுவயதில், ஊரிலிருந்த மருத்துவரிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இருந்தது. அந்தக் காரின் எஞ்சினைப் பார்க்க மூடியை மட்டும் தூக்குவதில்லை. விளக்குகள், சக்கரத்தின் மேல்வளைவுகள் உட்பட முன்பக்கம் முழுவதுமே முதலை வாயைப் பிளப்பதுபோல் முன்னோக்கிச் சாயும். அதைக் காண்பதற்காகவே மருத்துவர் வீட்டு வாசலில் காத்துக்கிடந்த பிள்ளைகளுள் நாமும் ஒருவர். அந்த வியப்புத்தான் பிற்காலத்தில் பழைய ஐரோப்பியக் கார்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசிக்க வைத்தது. சங்க இலக்கியம் நடத்துபவருக்கு இது பொருந்தாப் பித்து என்று நண்பர்கள் சொல்வதுண்டு. பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் கட்சி.

அந்த ஹெரால்டு சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் தயாரிக்கப்பட்டது. மூலம் 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு. அதன் வடிவத்தை வரைந்தவரோ ஜொவான்னி மிக்கெலொட்டி என்னும் டூரின் நகரத்துக்காரர். அக்காலத்தில் ஐரோப்பியக் கார்களில் பெரும்பாலானவை அடிச்சட்டமும் மேற்கூடும் ஒன்றாய் வார்த்ததுபோன்ற ஒற்றைக் கட்டுமானத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டு மட்டும் பழைய முறைப்படி தனிச் சேஸிஸ் மேல் கூடு பொருத்தப்பட்ட காராகவே வந்தது. கூடுகளைச் செய்து தந்த நிறுவனம் போட்டியாளரின் கைக்குப் போய்விட்டதால், சிறுசிறு பகுதிகளாகச் செய்து திருகாணி கொண்டு முடுக்கும் வழியைத் தேட வேண்டியதாயிற்று. அந்தச் சேஸிஸைச் சற்றே குறுக்கி அதன்மேல் மிக்கெலொட்டி வரைந்த வேறொரு கூட்டைப் பொருத்தியபோது, 1962இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. எலும்பு ஒன்று, மேனி இரண்டு. நம் ஊர் மருத்துவரின் கார், ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு ஒன்றுவிட்ட உடன்பிறப்பு என்பதை அறிந்த நாளில் நமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சிறியதன்று.

எலும்பும் மேனியும் தனித்தனி என்பதுதான் இங்கே கருதத்தக்கது. கார் பிறந்த காலந்தொட்டு அரை நூற்றாண்டுக்கும் மேலாக, உயர்ந்த கார்களில் பலவற்றை ஒரே கை செய்யவில்லை. ஒரு நிறுவனம் சேஸிஸும் எஞ்சினும் செய்யும். வாங்குபவர் அதை வேறொரு பட்டறைக்குக் கொண்டுசென்று தம் விருப்பப்படி கூடு கட்டிக்கொள்வார். இரண்டாம் உலகப்போர் வரையில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் விற்றது சேஸிஸை மட்டுமே. நம் மகாராஜாக்கள் ஏறிவந்த கார்களின் மேனி, ஹூப்பர், பார்க்கர் போன்ற இலண்டன் பட்டறைகளின் கைவேலை. இப்பட்டறைகளுள் பல, குதிரை வண்டி கட்டிவந்தவை. சென்னையில் 1840இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனத்தின் தொடக்கமும் குதிரை வண்டிதான். இத்தாலிய மொழியில் குதிரை வண்டிக்குக் 'கரோட்ஸா' என்று பெயர். அதைக் கட்டியவர் 'கரோட்ஸியேரே'. குதிரை போய் எஞ்சின் வந்த பின்னும் அந்தப் பெயர் மாறவில்லை, பெருமையும் குறையவில்லை.

அப்பெருமைக்குச் சான்றுகள் பல. மிலான் நகரில் 1926இல் தொடங்கிய டூரிங் பட்டறை, 'சூப்பர்லெஜ்ஜேரா' என்னும் முறையைக் கண்டது. மெல்லிய எஃகுக் குழாய்களால் ஓர் எலும்புக்கூடு பின்னி, அதன்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்துவது. சொல்லின் பொருள் 'மிக இலேசானது'. 1958இல் வந்த ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 இம்முறையில் கட்டப்பட்டது. அதன் வழிவந்த டிபி5, 1964இல் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் தோன்றி உலகறிந்த காரானது. டூரினில் 1930இல் பட்டறை தொடங்கிய பத்திஸ்தா ஃபரினாவைப் 'பினின்' என்று செல்லமாக அழைப்பார்கள். அவர் கூடு கட்டிய சிசிட்டாலியா 202 என்னும் சிறிய காரை, நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1951இல் எட்டுக் கார்களுள் ஒன்றாய்க் காட்சிக்கு வைத்தது. பின்னர்த் தன் நிரந்தரச் சேகரிப்பிலும் சேர்த்துக்கொண்டது. மொடேனா நகரில் செர்ஜியோ ஸ்காலியெத்தி என்பவர், மணல் மூட்டையின் மேல் அலுமினியத் தகட்டை வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டி ஃபெராரி கார்களுக்கு வளைவு கொடுத்தார். வரைபடத்தைவிடக் கண்ணை நம்பியவர் அவர். 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜிடிஓ கார்களுள் ஒன்று, 2018இல் அமெரிக்க ஏலமொன்றில் 4 கோடியே 84 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று.

இனி நம் சமவெளிக்கு வருவோம்.

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் சாலையில் அடிக்கடி பயணம் செய்பவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. ஓசூர்ப் பக்கமிருந்து வெற்றுச் சேஸிஸ் ஒன்று வரும். இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள், எஞ்சின், சக்கரங்கள், கூரையில்லை, கதவில்லை. தலையில் துண்டை இறுகக் கட்டிய ஒருவர், வெயிலையும் காற்றையும் நேரே முகத்தில் வாங்கியபடி ஓட்டிச் செல்வார். லாரியின் எலும்பு அது. அது மேனி பெறப் போகிற இடம் நாமக்கல்லோ திருச்செங்கோடோ சங்ககிரியோ. பேருந்தாக வேண்டிய சேஸிஸ் என்றால் இன்னும் தெற்கே போய்க் கரூரில் திரும்பும்.

அந்த எலும்புகூட ஒருகாலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். 1954இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் டாடா நிறுவனம் செய்துகொண்ட கூட்டில் பிறந்த லாரிகள், நெற்றியில் பென்ஸ் நட்சத்திரத்தோடு நம் சாலைகளில் ஓடின. சென்னையில் கார் பூட்டத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் லேலண்டுடன் சேர்ந்து 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே லேலண்ட் 1961இல் டிரையம்ப் நிறுவனத்தையும் வாங்கிக்கொண்டது. ஐரோப்பாவில் செய்த எலும்புக்கு டூரினில் ஒருவர் மேனி தந்தார். ஐரோப்பிய வழிவந்த எலும்புக்கு நாமக்கல்லில் ஒருவர் மேனி தந்தார். தொழில் ஒன்றே.

மாணவரின் தந்தை வேலை செய்யும் பட்டறைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தோம். எதிர்பார்த்ததற்கு மாறாக, அங்கே முதலில் நடப்பது சுத்தியடி அன்று, பேச்சு. வண்டி வாங்கியவர் என்ன ஏற்றப் போகிறார்? முட்டையா, உயிருள்ள கோழியா, சிமெண்ட் மூட்டையா, இரும்புச் சுருளா? எந்த மாநிலம் வரை போகும்? எத்தனை நாள் வீடு திரும்பாது? இக்கேள்விகளுக்கான விடையில்தான் கூட்டின் நீளமும் உயரமும், பலகையா தகடா என்பதும், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னே படுக்கை எவ்வளவு அகலம் என்பதும் முடிவாகின்றன. பிறகு குறுக்குச் சட்டங்கள். கூட்டைச் சேஸிஸோடு நேரே பற்றவைத்துவிட மாட்டார்கள். சுமையோடு மேடுபள்ளத்தில் போகையில் சேஸிஸ் சற்று முறுகி நிமிரும். அதற்கு இடம் கொடாவிட்டால் எங்கேனும் விரிசல் விடும். எனவே இடையே மரத்தையோ ரப்பரையோ கொடுத்து, யு-போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். பின் கேபினுக்குச் சட்டகம், அதன்மேல் தகடு, டிங்கரிங், பட்டி, பெயிண்ட், கடைசியில் எழுத்து.

"வெய்ட்டுத்தானுங்க எல்லாமே," என்றார் அவர். "பாடியில நூறு கிலோ கொறைஞ்சா, ஓனருக்கு டிரிப்புக்கு நூறு கிலோ சரக்கு."

மிலானின் 'மிக இலேசானது' என்னும் சொல் அப்போது நம் நினைவில் வந்தது. அங்கே இலேசு வேகமாயிற்று. இங்கே இலேசு கூலியாகிறது. சட்டம் அனுமதிக்கும் மொத்த எடைக்குள் கூடு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சரக்கு கூடும். வலிமை குறையாமல் எடையைக் குறைப்பது எப்படி என்பதே இரு பட்டறைகளின் கேள்வியும். குழாயையும் தகட்டையும் கையில் வைத்துக்கொண்டு இருவரும் ஒரே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள்.

ஃபெராரியையும் லாரியையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று உடன் பணியாற்றும் நண்பர் சிரித்தார். வைக்க வேண்டாம். ஸ்காலியெத்தியின் வளைவுகளுக்குள்ள அழகு நாமக்கல் லாரிக்கு இல்லை. அது அதற்குத் தேவையும் இல்லை. நாம் ஒப்பிடுவது பொருளை அன்று, கையை. கொடுத்த எலும்புக்கு ஏற்ற மேனியைக் கண்டுபிடிக்கும் கை, பொன்னாலான சுத்தியைப் பிடித்தாலும் இரும்புச் சுத்தியைப் பிடித்தாலும் ஒரே அறிவைத்தான் கோருகிறது. பட்டறை அறிவு உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதை வண்டியின் விலையைக் கொண்டு அளந்தால், நூல் நெய்பவரைவிடப் பட்டு நெய்பவர் அறிவாளி என்று சொல்ல வேண்டியிருக்கும்.

தமிழ் மரபு அப்படி அளக்கவில்லை. புறநானூற்றின் 87ஆம் பாட்டில் ஔவையார் அதியமானைப் புகழ வேண்டிய இடத்தில் யாரை உவமை காட்டுகிறார்? ஒரு தச்சரை. ஒரே நாளில் எட்டுத் தேர் செய்துமுடிக்க வல்ல தச்சர், ஒரு மாதம் முழுவதும் எண்ணியெண்ணி ஒற்றைச் சக்கரத்தைச் செய்தால் அது எப்படியிருக்கும்? அந்தச் சக்கரம் போன்றவன் என் தலைவன் என்கிறார். விரைவு வேறு, திறம் வேறு; விரைவு கைவந்தவர் வேண்டுமென்றே தாமதிக்கும்போதுதான் உச்சம் பிறக்கிறது என்று அறிந்த ஒருவரின் பாட்டு இது. அந்த அதியமான் ஆண்ட தகடூர், இன்றைய தருமபுரி. வெற்றுச் சேஸிஸ்கள் ஓசூரிலிருந்து இறங்கிவரும் அதே பாதையில் இருக்கிறது. அதியமானின் மகன் எழினியைப் பாடும் 102ஆம் பாட்டிலோ, உப்பு வணிகர் தம் வண்டிக்கடியில் கட்டித் தொங்கவிடும் மாற்று அச்சு உவமையாகிறது. மேடுபள்ளம் நிறைந்த நெடுவழியில் என்ன நேருமோ என்று முன்கூட்டியே எண்ணிக் கட்டிய அச்சு அது. இன்றைய லாரியின் ஸ்டெப்னி அதே இடத்தில்தான் தொங்குகிறது. சரக்கு வண்டியின் அடிப்பகுதியைக் குனிந்து பார்த்த ஒருவர், அங்கே கண்டதைக் கொண்டு அரசனைப் பாட முடியும் என்று துணிந்திருக்கிறார். அந்தப் பாட்டுகளுக்கு உரை சொல்லிப் பிழைக்கும் நாம், வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே போகும் வண்டியைக் குனிந்து பார்த்ததில்லை. இது மாணவரின் குறையன்று, நம்முடையது.

ஐரோப்பாவில் அத்தொழில் எப்படி முடிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அடிச்சட்டமும் கூடும் ஒன்றான கட்டுமானம் பரவியபோது, கூடு கட்டுவோருக்கு எலும்பே கிடைக்காமற் போயிற்று. டூரிங் பட்டறை 1966இல் மூடப்பட்டது. நாற்பது ஆண்டு கழித்து 2006இல் அப்பெயருக்கு மறுவாழ்வு கிடைத்தது. லம்போர்கினி மியூராவைத் தந்த பெர்த்தோனே 2014இல் நொடித்தது. பினின்ஃபரினாவை வாங்குவதாக 2015இல் அறிவித்தது நம் மகிந்திரா குழுமம். டிராக்டர் செய்யும் இந்திய நிறுவனத்தின் கையில் டூரினின் பெரும்புகழ்! வரலாறு சில வேளைகளில் இப்படியும் புன்னகைக்கும்.

ஆனால் பட்டறைகள் மூடினாலும் பெயர்கள் மூடவில்லை. டூரினில் கார்களுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. எந்த ஆண்டு எந்தச் சேஸிஸுக்கு யார் கூடு கட்டினார் என்று நூல்கள் இருக்கின்றன. அங்கும் எல்லாருக்கும் நீதி கிடைத்துவிடவில்லை. பட்டறை முதலாளியின் பெயரும் வடிவம் வரைந்தவரின் பெயரும் நின்ற அளவுக்குத் தகடு தட்டியவரின் பெயர் நிற்கவில்லை. ஆயினும் அவர் தொழிலுக்குப் 'பத்திலாஸ்த்ரா' என்று ஒரு பெயராவது உண்டு. தகடு தட்டுபவர் என்பது பொருள். தந்தை பத்திலாஸ்த்ரா என்று படிவத்தில் எழுத மொடேனா நகரத்து மாணவர் எவரும் தயங்கியிருக்க மாட்டார்.

அங்கே நேர்ந்தது இன்று இங்கே நேரத் தொடங்கியிருக்கிறது. பேருந்துக் கூட்டுக்கு ஏ.ஐ.எஸ். 052, லாரிக் கேபினுக்கும் கூட்டுக்கும் ஏ.ஐ.எஸ். 093 என்று விதித்தொகுப்புகள் வந்துவிட்டன. லாரி ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் 2025 முதல் கட்டாயமாகியிருக்கிறது. ஆலையே முழுக் கேபினோடு வண்டியை அனுப்பும் வழக்கம் பெருகிவிட்டது. கேபின் கட்டும் பட்டறைகளுக்கு வேலை சுருங்குகிறது.

இதை எதிர்த்து ஒப்பாரி வைப்பது நம் நோக்கமன்று. எஞ்சின் சூட்டில் வெந்தபடி ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி, அதே பெட்டிக்குள் உறங்கும் மனிதருக்குக் குளிர்காற்று ஆடம்பரமில்லை, உரிமை. மோதினால் நொறுங்காத கேபின் வேண்டும் என்னும் விதி, கைவினையின் அழகைவிடப் பெரியது. மரபு என்ற பெயரால் ஓட்டுநரின் உயிரைப் பணயம் வைக்கச் சொல்லும் எந்த இரசனையும் நமக்கு வேண்டாம். தவிர, தொழில் முற்றாக அழிந்துவிடும் என்றும் தோன்றவில்லை. எரிவாயு டேங்கர், டிரெய்லர், கோழி வண்டி, திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு ரிக் என்று ஆலை எளிதில் செய்துதர முடியாத கூடுகள் எஞ்சியிருக்கும். மிலானில் 1919இல் தொடங்கிய ஸகாத்தோ பட்டறை, அரிய வடிவங்களை மட்டும் செய்து இன்றும் பிழைத்திருப்பதுபோல.

கவலை வேறு. மூடும் பட்டறையோடு சேர்ந்து மூடிக்கொள்ளும் அறிவைப் பற்றியது. மரத்தில் கேபின் கட்டிய தலைமுறை முதுமையடைந்துவிட்டது. எந்த மரத்தை எங்கே வைத்தார்கள், ஏன் வைத்தார்கள், தரையில் சுண்ணக்கட்டியால் கோடிழுத்து அளவு கண்டதெப்படி என்பதெல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது; தாளில் இல்லை. லாரியின் பின்புறத்தில் பட்டறையின் பெயர் எழுதப்பட்டிருக்கும். கட்டியவர் பெயர் இராது. உழவுச் சொற்களுக்கும் ஊர்ப் பேச்சுக்கும் வட்டார அகராதிகள் செய்யப்பட்டுவிட்டன. கி. ராஜநாராயணன் கரிசலுக்குச் செய்தார். பெருமாள்முருகன் கொங்கு நாட்டுக்குச் செய்தார். பட்டறைச் சொற்களுக்கென்று தனியே ஒரு கோவை வேண்டும். அதைத் தொகுக்க இவ்வட்டாரத் தமிழ்த் துறைகளைவிடத் தகுந்தவர் யார்? ஆண்டுதோறும் ஒரே காப்பியத்தில் ஒரே உவமைகளை எண்ணும் ஆய்வேடுகளில் நான்கைந்தையாவது பட்டறைப் பக்கம் திருப்பினால் காப்பியம் குறைந்துபோகாது. கோவையில் 2015 முதல் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய ஐரோப்பியக் கார்களை நாம் கண்குளிரப் பார்த்தது அங்கேதான். சேலம் அரசு அருங்காட்சியகத்தில் நடுகல்லுக்குப் பக்கத்தில் ஒரு மரக் கேபினை வைத்தால் என்ன? இரண்டும் இம்மண்ணின் கைவேலையே.

பட்டறையிலிருந்து புறப்படும்போது மாணவரின் தந்தை நம்மிடம் கேட்டார்: "இதையெல்லாம் எழுதி வெச்சு என்னங்க சார் ஆகப்போகுது?" அவருக்குக் கூலி உயராது, மூடவிருக்கும் பட்டறை நம் எழுத்தால் திறந்தும் இராது. ஆகவே ஆகும் என்று நாம் வாக்களிக்கவில்லை. "உங்க பையன் ஃபாரத்துல எழுதறதுக்கு ஒரு வார்த்தை வேணுமுங்க" என்று மட்டும் சொன்னோம். அவர் சிரித்தார். புரிந்துதான் சிரித்தார் என்று நம்புகிறோம்.

மாணவர் இப்போது ஒரு குறிப்பேட்டில் சொற்களைச் சேர்த்துவருகிறார். இதுவரை நாற்பத்தொன்று. பாதிக்குமேல் ஆங்கிலத்திலிருந்து வந்து, தேய்ந்து, ஒட்டி, இவ்வூர்ச் சொல்லாகவே ஆகிவிட்டவை. தூய தமிழ் அல்லவே, இவற்றை நீக்கிவிடவா என்று கேட்டார். நீக்க வேண்டாம், அவற்றை உங்கள் தந்தை எப்படி உச்சரிக்கிறாரோ அப்படியே எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறோம்.